ஹிக்கடுவை முருகைப்பாரும் மாது கங்கையும்: கொழும்பில் கப்பல் நிற்கும் ஒரு பகலில் எது கிடைக்கும், எது கிடைக்காது

கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நின்றுவிட்டுப் போகும் உல்லாசக் கப்பல்களின் கரைச் சுற்றுலாப் பட்டியலில், ஸ்நோர்கலிங்கும் காட்டுயிர்களும் என்று ஒரு முழுநாள் பயணம் இருக்கும். ஸ்நோர்கலிங் என்றால் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பது. கப்பலுக்குக் கப்பல் பெயர் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: தென்மேற்குக் கரையில் இருக்கும் ஹிக்கடுவையில் ஒரு மணித்தியாலம் முருகைப்பாருக்கு, அதாவது பவளப்பாறைக்கு, மேல் நீச்சல், ஹோட்டலில் பகல் சாப்பாடு, பலப்பிட்டியவில் மாது கங்கைப் படகுச் சவாரி, நேரமிருந்தால் கொஸ்கொடவில் ஆமைக்குஞ்சு பொரிப்பகம். சென்னையிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கப்பலில் வரும் சொந்தக்காரர்கள் கொழும்பில் இருக்கும் நம்மைத்தான் முதலில் கேட்பார்கள், இதற்குக் காசு கட்டலாமா என்று. டிசம்பர் முதல் மார்ச் வரை, கப்பல் காலை ஏழு மணிக்குள் கட்டி மாலை ஏழுக்குப் பிறகு புறப்படுமானால் தாராளமாகக் கட்டலாம். மே முதல் செப்டெம்பர் வரை என்றால் வேண்டாம். இடைப்பட்ட மாதங்களில் அன்றைய காற்றைப் பொறுத்தது.

இந்தச் சுற்றுலாவின் பெரிய குறை கடலிலோ ஆற்றிலோ இல்லை. நாளை அடுக்கியிருக்கும் ஒழுங்கில் இருக்கிறது. பல நிகழ்ச்சி நிரல்களில் காலையில் மாது கங்கை, பிற்பகலில் ஹிக்கடுவை என்று போட்டிருப்பார்கள். கொழும்பிலிருந்து போகும்போது பலப்பிட்டிய முதலில் வருவதால் அது வசதியாகத் தோன்றும். ஆனால் தென்மேற்குக் கரையில் கடல் தெளிவாக இருப்பது காலையில்தான். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று எழும்பும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் பிறகு நீரின் மேல் சிற்றலை விழுந்து, மணலும் கிளம்பி, தண்ணீர் பால் கலந்தாற்போல ஆகிவிடும். ஆற்றுக்கு இந்தக் கணக்கே கிடையாது. கண்டல் நிழலில் பிற்பகல் இரண்டு மணிக்குப் போனாலும் படகுச் சவாரி கெடாது. சொல்லப்போனால் வெயில் சாயும் நேரத்தில்தான் பறவைகள் மறுபடி அசையத் தொடங்கும். ஆகவே காசு கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தண்ணீரில் இறங்குவது எத்தனை மணிக்கு?" என்பது. பத்தரைக்குள் என்று பதில் வந்தால் நல்லது. பிற்பகல் இரண்டு என்றால் இன்னொரு சுற்றுலாவைப் பாருங்கள்.

கடலை முதலில் வைப்பதற்கு வழியும் இடம் கொடுக்கிறது. துறைமுகத்திலிருந்து பேலியகொடவில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியவில் வெளிச்சுற்று வீதிக்கு மாறி, கடவத்தை வழியே கொட்டாவ வந்து தெற்கு அதிவேகப் பாதையைப் பிடித்தால், காலி வீதியின் நெரிசலைத் தொடவே வேண்டியதில்லை. பத்தேகம வெளியேற்றத்தில் இறங்கி ஹிக்கடுவைக்குப் போய், அங்கிருந்து காலி வீதியில் வடக்கே திரும்பினால் பெராலிய, அம்பலாங்கொட, பலப்பிட்டிய, கொஸ்கொட என்று எல்லாம் கொழும்புக்குத் திரும்பும் திசையிலேயே வரிசையாக வரும். பலப்பிட்டியவிலிருந்து குருந்துகஹஹெதெக்ம வாயிலில் மீண்டும் அதிவேகப் பாதை ஏறலாம். ஒரே சுற்று, போன வழியில் திரும்பி ஓடும் வேலை இல்லை. போக இரண்டு மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், கப்பலடியிலேயே பஸ் ஏற வேண்டும். எண்ணிக்கை சரிபார்த்து வாயிலைக் கடக்கவே அரைமணி போய்விடும். வழியில் வெலிப்பன்ன ஓய்விடத்தில் பதினைந்து நிமிடம் நிற்பார்கள். கழிப்பறை வேலையை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. கரையில் உடைமாற்றும் அறைக்கு வரிசை நீளம்.

பருவம் பற்றி இரண்டு வார்த்தை. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் ஹிக்கடுவை அலை பாரைத் தாண்டி உள்ளே விழும். ஒரு கை தூரத்துக்கு மேல் பார்வை போகாது, நீரோட்டமும் ஆபத்தானது. அந்த மாதங்களில் இதே சுற்றுலாவை விற்றால், "கடல் கொந்தளித்தால் காசு திருப்பித் தருவீர்களா, அல்லது கண்ணாடி அடிப்படகில் ஏற்றிவிடுவீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். கண்ணாடிப் படகு ஸ்நோர்கலிங்குக்கு ஈடாகாது. கலங்கிய நீரில் அந்தக் கண்ணாடி வழியே பச்சை நிறம் மட்டுமே தெரியும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஹிக்கடுவைக் கரை உள்ளூர்க் குடும்பங்களால் நிறைந்துவிடும். கப்பல் வரும் நாளை நாம் தெரிவு செய்ய முடியாது, ஆனால் அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் கலங்கியிருக்கும் என்பதை எதிர்பார்த்துப் போகலாம்.

இனி உபகரணம். இந்தப் பயணத்தில் ஏமாற்றத்தில் முடியும் ஸ்நோர்கலிங்கில் பெரும்பங்கு மாஸ்க்கால்தான் கெடுகிறது, மீன் இல்லாததால் அல்ல. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் ஒரு பிளாஸ்ரிக் கூடையைக் காட்டி "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவசரப்பட்டு மேலே கிடப்பதை எடுக்க வேண்டாம். மாஸ்க்கின் பட்டியைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியை மட்டும் முகத்தில் பொருத்தி மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுங்கள். ஐந்து எண்ணும் வரை விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. உடனே நழுவினால் வேறொன்று பாருங்கள், பட்டியை இறுக்கிச் சரிக்கட்ட முடியாது. பட்டியை இறுக்க இறுக்க ஓரத்துச் சிலிக்கன் மடிந்து கூடுதலாக ஒழுகும், நெற்றியில் வலிக்கும். சிலிக்கன் மஞ்சளித்து விறைத்திருந்தால் எவர் முகத்துக்கும் அது பொருந்தாது.

நம்மவர்களுக்கே உரிய சில ஒழுக்குகள் இருக்கின்றன, வெள்ளைக்கார வழிகாட்டிகள் இவற்றைச் சொல்லித்தரமாட்டார்கள். அடர்ந்த மீசை மாஸ்க்கின் கீழ் ஓரத்தைத் தூக்கிவிடும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்தாலோ, அந்த இடத்தில் கொஞ்சம் வஸ்லீன் பூசினாலோ ஒழுகுவது குறையும். ஒட்டும் பொட்டு பெரிதாக இருந்தால், நெற்றியில் படியும் ஓரத்தின் கீழே அகப்பட்டு ஒரு வாய்க்காலைத் திறந்துவிடும். கழற்றிவிட்டு இறங்குங்கள். தலையில் தேங்காயெண்ணெய் வைத்திருந்தால் பட்டி வழுக்கும், கண்ணாடியில் எண்ணெய்ப்படலமும் படியும். காதோரம் ஒரு மயிரிழை உள்ளே போனாலும் நீர் வரும். கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள மாஸ்க் கிடைக்குமா என்று முன்பதிவிலேயே கேட்க வேண்டும். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாஸ்க் போடவே முடியாது.

மாஸ்க் கண்ணாடியில் பனி படிவதற்கு மருந்து எளிது. குழந்தைகளுக்குப் பூசும் ஷாம்பூ ஒரு துளியை உட்பக்கத்தில் விரலால் தேய்த்து, கடல் நீரில் ஒரே ஒரு தரம் அலசினால் போதும். நன்றாகக் கழுவிவிட்டால் பூசியது வீண். ஷாம்பூ இல்லையென்றால் எச்சில். குழாயில் பார்க்க வேண்டியது இரண்டு: வாயில் கடிக்கும் றப்பர்க் குமிழ்கள் கிழியாமல் இருக்கின்றனவா, அடியில் நீரை வெளியேற்றும் சிறிய வட்ட வால்வு மடியாமல் படிந்திருக்கிறதா. அந்த வால்வில் ஒரு மணல் துகள் அகப்பட்டால் போதும், ஒவ்வொரு மூச்சிலும் உப்புத்தண்ணீர் வாய்க்குள் வரும். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் கொடுத்தால் மறுத்துவிடுவதே நல்லது. வெளிவிட்ட மூச்சு உள்ளேயே தேங்கக்கூடிய மோசமான தயாரிப்புகள் சந்தையில் உண்டு, அவசரத்தில் கழற்றவும் நேரம் எடுக்கும்.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் பெரிதாக இருந்தால் பத்து நிமிடத்தில் குதிகாலைத் தேய்த்துக் காயமாக்கும். மெல்லிய காலுறை போட்டுக்கொண்டால் அந்தக் காயம் வராது. மாட்டிக்கொண்டு முன்னோக்கி நடந்தால் விழுவீர்கள். இடுப்பளவு நீருக்குப் போய் மாட்டுங்கள், நடக்க வேண்டியிருந்தால் பின்புறமாக நடங்கள். உயிர்காப்பு அங்கியில் ஒரு சிக்கல் இருக்கிறது. படகுக்காகச் செய்த தடித்த பஞ்சு அங்கி ஆளை மல்லாத்தவே பார்க்கும், குப்புற மிதந்து கீழே பார்க்க விடாது. கழுத்து இரண்டு பக்கமும் இழுபட்டு வலிக்கும். வாயால் ஊதி நிரப்பும் ஸ்நோர்கலிங் வெஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால், நீந்தத் தெரியாதவர் அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கக் கூடாது. வழிகாட்டி இழுத்துப்போகும் மிதவை வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் அங்கி போட்டவரும் முகத்தை நீரில் வைக்கலாம்.

உடை விஷயத்தில் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பருத்திச் சுடிதாரோடு இறங்குவது வழக்கம். நனைந்த பருத்தி கனக்கும், காலைச் சுற்றும், துப்பட்டா இன்னும் மோசம். முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் உடம்பை மறைக்கும், முதுகு வெயிலில் வெந்துபோகாமலும் காக்கும். குப்புற மிதக்கும் ஒரு மணித்தியாலத்தில் முதுகும் முழங்காலின் பின்பக்கமும் எரிந்துபோவது இங்கே சாதாரணம். துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் சிங்க் ஒட்சைட் கலந்த கிறீம் போதும். ஒட்சிபென்சோன், ஒக்டினொக்சேற் உள்ளவற்றை ஹவாய் மாநிலம் முருகைக்காகவே 2021 முதல் விற்கவிடாமல் தடுத்திருக்கிறது. மோதிரங்களைக் கப்பலிலேயே விட்டு வாருங்கள். நீரில் ஊறினால் விரல் ஒடுங்கும், மோதிரம் நழுவும், மணலில் விழுந்தது விழுந்ததுதான். தாலிக்கொடி சட்டைக்குள் இருக்கட்டும்.

தண்ணீரில் முதல் ஐந்து நிமிடம்தான் கடினம். குழாய் வழியே அவசர அவசரமாகச் சிறு மூச்சு விட்டால், குழாயில் நிற்கும் பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போகும். மூச்சுத் திணறுவதுபோல இருக்கும், பயம் பிடிக்கும், இன்னும் வேகமாக மூச்சு வரும். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே வருவது தானாக வரும். மாஸ்க்குக்குள் நீர் வந்தால் கழற்ற வேண்டாம். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் கீழ்வழியே வெளியேறும். இதை முழங்காலளவு நீரில் இரண்டு தடவை பழகிவிட்டுத்தான் பார்ப்பக்கம் போக வேண்டும். நல்ல வழிகாட்டி இதைக் கேட்காமலே செய்விப்பார். இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் அவரால் முடியாது. ஆறு, எட்டுப் பேருக்கு ஒருவர் என்பதே நியாயமான அளவு, இதையும் முன்பதிவில் கேட்கலாம். நெஞ்சு வருத்தம், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்கள் கரையில் இருப்பதே நல்லது. ஸ்நோர்கலிங் பார்வைக்கு லேசாக இருந்தாலும் இதயத்துக்கு அது வேலைதான்.

இப்போது பாரைப் பற்றி. ஹிக்கடுவை 1979இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் தேசிய பூங்காவானது. பரப்பு 101.6 ஹெக்டேயர். கரையை ஒட்டியே பார் ஓடுவதால் படகில்லாமல் கரையிலிருந்தே இறங்கலாம், இதுதான் இந்த இடத்தின் பெரும் வரம். பாருக்கு உட்பக்கம் இடுப்பளவு முதல் ஓர் ஆள் உயரம் வரை நீர். ஆனால் விளம்பரப் படங்களில் இருக்கும் வண்ண முருகைத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1998இல் எல் நினோவால் கடல் நீர் சூடானபோது முருகைகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. அந்தப் பாசிதான் அவற்றுக்கு உணவு, அது போனதும் பெரும்பகுதி இறந்தது. அதன்மேல் பாசி படர்ந்தது. கண்ணாடிப் படகுகளின் அடி உரசியது, நங்கூரம் விழுந்தது, ஹோட்டல் கழிவுநீரும் வண்டலும் சேர்ந்தன. இன்று பார்ப்பது பெரும்பாலும் பழுப்பும் சாம்பலுமான இறந்த முருகைக்கல், அதனிடையே உயிரோடு தகடு தகடாக விரியும் சில கூட்டங்கள்.

மீன்தான் இங்கே மனதை நிறைப்பது. கிளிமீன் கூட்டம் கல்லைக் கொறிக்கும் "கிறுக் கிறுக்" ஒலி நீருக்குள் காதில் விழும். ஒரு நிமிடம் கையும் காலும் அசைக்காமல் மிதந்து பாருங்கள், கட்டாயம் கேட்கும். அது பாசியோடு சேர்த்துக் கல்லையும் அரைத்து விழுங்கி, சற்றுத் தள்ளிப்போய் வெள்ளை மணலாகப் புகைபோல விடும். நாம் நடந்துவந்த கரை மணலில் ஒரு பங்கு அப்படி வந்தது. நம் சந்தைகளில் பார்க்கும் ஓராவும் கலவாயும் இங்கே உயிரோடு, கூச்சமில்லாமல் சுற்றும். வண்ணத்துப்பூச்சி மீன் பெரும்பாலும் சோடியாக வரும். கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் மாஸ்க்குக்கு நேரே வந்து முட்டும். பாண் துண்டு போட்டுப் பழக்கியதன் விளைவு அது, நீங்களும் போடாதீர்கள். பொந்துகளில் பாம்புபோன்ற அஞ்சாளை மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். அது மூச்சு விடும் விதம், கடிக்க வருகிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் பொந்துக்குள் விரலை விடாதீர்கள்.

எங்கே நிற்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றர்கூட இல்லை. இருந்தாலும் வற்று நேரத்தில் பாரின் தலை நீருக்கு மிக அருகே வந்துவிடும். அப்போது அதற்கு மேலே நீந்தினால் வயிறும் முழங்காலும் கிழியும், முருகையும் உடையும். பார் உச்சியைத் தாண்டி உள்ளே கொட்டும் அலைநீர், பாரில் இருக்கும் இடைவெளிகள் வழியேதான் வெளியே ஓடும். அந்த இடங்களில் இழுவை பலம். போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய், களைத்த பிறகு அதன் போக்கில் திரும்புவதே பாதுகாப்பு. எழுந்து நிற்க வேண்டுமென்றால் மணலில் மட்டும் நில்லுங்கள். கடல் முள்ளெலியின் முள்ளும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனும் இருக்கின்றன. கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 பாகை, காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நஞ்சின் வலி சூட்டில் குறையும். முருகை கிழித்தால் சுத்தமான நீரில் நன்றாகத் தேய்த்துத் துகள்களை எடுத்துவிட்டு மருந்து போடுங்கள். விட்டால் வாரக்கணக்கில் சீழ் கட்டும்.

ஆமைகளுக்காகவே பலர் இந்தச் சுற்றுலாவை எடுக்கிறார்கள். பேராமை கரையோரம், முழங்கால் நீருக்கே வரும். வருவதற்குக் காரணம் கரையில் விற்கும் கடற்பாசிக் கட்டு. வழிகாட்டி ஒரு கட்டை உங்கள் கையில் திணிப்பார், படம் எடுப்பார். வாங்காதீர்கள். கைகாட்டினால் உணவு என்று பழகிய ஆமை படகைக் கண்டும் விலகாது, புரொப்பெல்லர் அதன் ஓட்டைப் பிளக்கும். அதன் வாய் ஓரம் வாள்போலப் பற்கூர் கொண்டது. பாசியை அறுக்க ஏற்பட்டது, விரலையும் அறுக்கும். இலங்கையில் முட்டையிட வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, தொட்டுப் படம் எடுப்பது விளையாட்டுக் காரியமல்ல. கரைக்கூட்டத்தை விட்டுவிட்டுச் சற்று உள்ளே போனால், பாசி மேயும் ஆமையை அதன் போக்கில் பார்க்கலாம். மூன்று, நான்கு மீற்றர் தள்ளி, பக்கவாட்டில் மிதந்தபடி இருங்கள். நேர் மேலே போகக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அது மூச்சுக்கு மேலே வரவேண்டும், ஆள் நிழல் மறித்தால் மூச்செடுக்காமலே திரும்பி ஓடும். துரத்தாவிட்டால், அது தலையை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி, "புஸ்" என்று ஒரு மூச்சை விட்டு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, அதே கல்லுக்கே மேயத் திரும்பும். கொடுத்த காசுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

படகோட்டிகளும் வழிகாட்டிகளும் அநேகமாகச் சிங்களம் பேசுபவர்கள். "ஹெமின்" என்றால் மெதுவாக, "எபா" என்றால் வேண்டாம், "கெஸ்பாவா" என்றால் ஆமை. "மல்லி, கெஸ்பாவாட்ட கேம எபா", அதாவது தம்பி, ஆமைக்குச் சாப்பாடு வேண்டாம், என்று ஒரு தரம் சொன்னாலே பாசிக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

சாப்பாடு பரவாயில்லை ரகம். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது மாசிக் கருவாடு. தேங்காய்ச் சம்பலிலும், பார்த்தால் வெறும் மரக்கறியாக இருக்கும் கறிகளிலும் மாசித்தூள் போடுவது தெற்கில் வழக்கம். "வெஜிற்றேரியன்" என்று சொன்னால் இறைச்சியையும் மீனையும்தான் விலக்குவார்கள். "உம்பலகட நெத்துவ", அதாவது மாசி இல்லாமல், என்று தனியாகச் சொல்ல வேண்டும். கப்பலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஹிக்கடுவையிலிருந்து வடக்கே போகும்போது பெராலியவில் 2004 சுனாமி நினைவிடம் வரும். அலையில் ரயில் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட இடம். பஸ் நிற்காமல் போகும் நிகழ்ச்சி நிரல்தான் கூடுதல். ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்காகப் பார் அகழப்பட்டிருந்த இந்தப் பக்கத்தில் கடல் வெகுதூரம் உள்ளே பாய்ந்தது, சில கிலோமீற்றர் தெற்கே பார் நின்ற ஹிக்கடுவையில் அந்தளவு பாயவில்லை என்று பின்னர் அளந்து பார்த்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். காலையில் அந்தப் பாருக்கு மேல் மிதந்தவர்களுக்கு இது சொல்லப்பட வேண்டும். வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாது கங்கை 2003இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது, 915 ஹெக்டேயர். ஒன்றரை மணித்தியாலச் சவாரியில் நல்ல பகுதி, கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போடும் ஒடுங்கிய வாய்க்கால்கள். அங்கே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நிறுத்தமாட்டார்கள், அடுத்த சவாரிக்கு ஓட வேண்டுமே. சத்தம் நின்று ஓரிரு நிமிடத்தில் மீன்கொத்தி கிளையில் வந்து உட்காரும். கிளையில் படுத்திருக்கும் கபரக்கொய்யா எனும் நீர் உடும்பு இரண்டு மீற்றர் வரை வளரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று நீரில் விழும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும். குரங்குக் குட்டியையோ முதலைக் குஞ்சையோ கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்க அழைத்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்தக் காசுதான் அடுத்த குட்டியைப் பிடிக்க வைக்கிறது. காலைக் கடிக்கும் மீன்கூண்டில், ஃபின்ஸ் உரசிய காயத்தோடு காலை வைப்பதும் வேண்டாம்.

கறுவாத் தீவில் நிறுத்துவது விற்பனைக்காகத்தான். இருந்தாலும் அந்தக் கைவேலை பார்க்கத் தகுந்தது. புறத்தோலை வளைந்த கத்தியால் சுரண்டி, பித்தளைக் கோலால் தண்டை அழுத்தித் தேய்த்து, இரண்டு கீறல் போட்டு, உட்பட்டையை முழு நீளத்துக்குக் கழற்றி எடுப்பார்கள். தேய்க்காமல் உரித்தால் பட்டை துண்டு துண்டாகும். சுருளுக்குள் சிறு துண்டுகளை அடைத்து நிழலில்தான் காயவைப்பார்கள். விலை கொழும்புக் கடைகளை விடக் கூடுதலாகவே இருக்கும், பேரம் பேசலாம்.

கொஸ்கொட பொரிப்பகத்தை நேரம் குறைந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். முட்டையை விலை கொடுத்து வாங்கிப் புதைத்துக் காப்பது நல்ல காரியம்தான். ஆனால் பொரித்த குஞ்சுகளைப் பார்வையாளருக்காகத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்திருப்பது கெடுதி. பொரித்த முதல் நாளில் குஞ்சு வயிற்றில் மீந்த மஞ்சட்கருவின் பலத்தில் வெறிகொண்டு நீந்தி ஆழ்கடல் சேர வேண்டும். அந்தப் பலத்தைத் தொட்டிச் சுவரில் முட்டி முட்டியே தீர்த்துவிட்டு, பிறகு பகல் வெளிச்சத்தில் காகத்துக்கும் பருந்துக்கும் நடுவே விடப்பட்டால் என்ன ஆகும்? "குஞ்சுகளை எப்போது விடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். "பொரித்த அன்றிரவே" என்றால் உள்ளே போய் நன்கொடையும் கொடுங்கள்.

திரும்பும் கணக்கு இறுக்கமானது. மாலையில் கடவத்தையிலிருந்து துறைமுகம் வரையான பகுதியில் நெரிசல் வரும். கப்பலின் இறுதி ஏறும் நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னராவது பலப்பிட்டியவை விட்டுவிட வேண்டும். கப்பல் மூலமே எடுத்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே வான் பிடித்துப் போனால் காத்திருக்காது. காசு குறைவு, ஆள் குறைவு, காலையிலேயே கடலுக்கு இறங்கலாம் என்று தனி வானுக்கு நல்ல காரணங்கள் உண்டு. நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அதுவே மேல், கப்பல் இரவில் புறப்படுவதாக இருந்தால் மட்டும். வெள்ளவத்தையில் இருக்கும் சித்தப்பா குடும்பம் கூட வர ஆசைப்பட்டால், துறைமுகத்துக்குள் வந்து கப்பல் பஸ்ஸில் ஏற முடியாது. கோட்டையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ காலை ரயிலில் ஹிக்கடுவை வந்து அங்கே சந்திக்கலாம்.

உங்கள் கப்பல் திருகோணமலையிலும் நிற்குமானால், மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஸ்நோர்கலிங் காசை அங்கே போடுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத்தீவு. இங்கே கடல் கலங்கும்போது அங்கே கண்ணாடிபோல இருக்கும், முருகையும் ஹிக்கடுவையைவிட உயிரோடு இருக்கிறது. கரும்முனைச் சுறாக்கள் ஆழமில்லாத நீரில் சுற்றும், ஆளைக் கண்டால் விலகிப்போகும். படகோட்டிகளோடு தமிழிலேயே பேசலாம், "அண்ணை, ஆமைக்குக் கிட்டப் போகாதேங்கோ" என்று சொன்னால் போதும்.